இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

என் இடத்துக்கு நான்கு பேர் வந்திருக்கிறீர்கள். ஒருத்தி விட்டுப் போகிற வேலைக்கு நான்கு பேர் தேவைப்படுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றவள் என்று என்னை யாராவது சொன்னால் சிரிப்பு வரும். ஆனாலும் வருகிற ஜூனில் காங்கேயத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்கிறேன். மேடையில் வெளிநாட்டுப் போதகர்களின் பக்கத்தில் நின்று, அவர்கள் பேசும் ஆங்கிலத்தை வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கும் வேலை இந்த மாதத்தோடு எனக்கு முடிகிறது. ஏழு வருடம் செய்திருக்கிறேன்.

மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, போதகர் மூச்சு விடாமல் பேசினால் எப்படி நிறுத்தச் சொல்வது என்பதெல்லாம் இரண்டு கூட்டம் போனால் தானாக வந்துவிடும். அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. பல்லடத்தில் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போனால் என்னால் ஒரு இடத்தில் சும்மா உட்கார முடிவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் சூலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இருவரும் கட்டைவிரல் வைப்பார்கள். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.ஏ. ஆங்கிலம் வரை போனேன். அம்மா என் கூட்டங்களுக்கு வந்து பின்னால் உட்காருவாள். போதகர் பேசும்போது தலையைக் குனிந்துகொள்வாள், நான் பேச ஆரம்பித்ததும் நிமிர்வாள்.

இந்த வேலைக்கு வந்த முதல் மாதம் அந்தியூரில் ஒரு கூட்டம். போதகர் புதிய ஆங்கில வேதாகமத்திலிருந்து மேய்ப்பன் சங்கீதத்தை வாசித்தார். எளிமையான ஆங்கிலம். நானும் எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் அழகாகச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார்.

“அப்படி இல்லீங்க அம்மணி” என்றவர், அச்சிட்ட தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி அந்தச் சங்கீதத்தை ஆறு வசனமும் தப்பில்லாமல் ஒப்பித்தார். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அவர் என்னைப் பார்த்து, “பரவால்லீங்க கண்ணு, படிக்கப் படிக்க வந்துரும்” என்றார். பி.ஏ. படித்த எனக்கு அந்த ஆறுதல்தான் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

நம் வேலையின் முதல் சட்டத்தை அன்று தெரிந்துகொண்டேன். போதகரின் பேச்சை நாம் மொழிபெயர்க்கலாம். வசனத்தை மொழிபெயர்க்கக் கூடாது. அவர் ஆங்கிலத்தில் வாசித்து முடிப்பதற்குள் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தைத் திறந்து, அதில் இருப்பதை அப்படியே வாசித்துவிட வேண்டும். ஜனங்கள் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நம்முடைய தமிழ் அவர்களுக்கு வேண்டாம். ஒரே வருடத்தில் எந்த வசனத்தையும் மூன்று நொடிக்குள் திறக்கப் பழகிக்கொண்டேன். அதனால்தான் என் பெயர் பரவியது.

இன்னொரு பழக்கமும் அப்போதுதான் வந்தது. கூட்டத்துக்கு முதல் நாள், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, புதியது ஒன்று, நம் தமிழ் ஒன்று என்று மூன்றையும் பாயில் விரித்து வைத்துக்கொள்வேன். போதகர் எடுக்கப்போகிற பகுதிகளை மூன்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். பழைய ஆங்கிலத்தில் கடவுளை அழைக்கிற ‘தவ்’ என்கிற சொல் என் காதுக்கு நம் ‘நீர்’ மாதிரியே இருந்தது. புதியதில் கடவுளுக்கும் கறிக்கடைக்காரருக்கும் ஒரே ‘யூ’தான். அதனால் பழைய ஆங்கிலமும் தமிழும் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சரியில்லை. அன்பைப் பற்றிய அந்தப் பெரிய அதிகாரத்தில், இந்தக் காலத்தில் தர்ம காரியம் என்று பொருள்படும் ஒரு சொல்லைப் பழைய ஆங்கிலம் போட்டிருக்கிறது. தமிழில் நேராக அன்பு என்றே இருக்கிறது, புதிய ஆங்கிலத்திலும் அப்படித்தான். யார் யாரோடு சேருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு நெஞ்சுக்குள் ஒரு சாவிக்கொத்து மாதிரி தொங்கியது.

அப்படி ஒப்பிடும்போதுதான் ஒரு நாள் மத்தேயு பதினேழாம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். புதிய ஆங்கிலத்தில் இருபதாம் வசனத்துக்கு அடுத்து இருபத்திரண்டு வந்தது. இருபத்தொன்றைக் காணவில்லை.

அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பக்கம் ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று, கோட்டைமேட்டில் புத்தகம் பைண்டிங் செய்கிற பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன். என் பழைய தமிழ் வேதாகமத்துக்கு அட்டை போட்டுத் தந்தவர் அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தையலை விரித்துப் பார்த்தார். பக்க எண்களை விரலால் எண்ணினார்.

“தாள் ஒண்ணுகூடக் கொறையலீங்க. தையலும் சுத்தமா இருக்குது.”

“நம்பர் ஒண்ணு கொறையுதுங்களே பாய்.”

“அது என்ற வேலையில்லீங்க அம்மணி. அச்சாபீஸ்காரன் வேலையும் இல்ல. கீழ பாருங்க, எறும்பு சைஸ்ல என்னமோ போட்டிருக்கறாங்க. ஆங்கிலம் படிச்ச புள்ள, அதைப் படிக்காம எங்கிட்டக் கொண்டாந்துபோட்டீங்க.”

கீழே அடிக்குறிப்பு இருந்தது. பிற்காலக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில்தான் இந்த வசனம் இருக்கிறது என்றும், மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்றும் அது சொன்னது. வசனத்தையும் அங்கேயே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்த வகைப் பிசாசு ஜெபத்தாலும் உபவாசத்தாலும் அல்லாமல் போகாது என்கிற வசனம் அது. நம் தமிழில் இருக்கிறது, பழைய ஆங்கிலத்திலும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தேன். அங்கே வசனம் இருந்தது, ஆனால் புதிய ஆங்கிலத்தில் ஜெபம் மட்டும்தான். உபவாசம் அடிக்குறிப்புக்குப் போயிருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்துவைத்திருப்பதே போதும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு பல்லடம். தறிக்கூடங்களில் வேலை செய்கிறவர்களின் சபை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெபக்கூடம். வெள்ளிக்கிழமை பெண்களுக்கான உபவாச ஜெபம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு போதகர் பேச வந்தார். எழுபது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிற மனிதர். காரிலேயே அவர் மடியில் இருந்த வேதாகமத்தைப் பார்த்துவிட்டேன். புதியது.

சபையின் போதகர் என்னைத் தனியாக அழைத்து, “அம்மணி, இவிய வந்து பேசிப்போட்டுப் போயிருவாங்க. நாளைக்கு சபையில நிக்கறது நானு. புதுசா எதுவும் உள்ள வந்துரக் கூடாதுங்க. நீங்க பார்த்துக்குவீங்கன்னுதான் உங்களையே கூப்பிட்டேன்” என்றார். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். மரகதம் என்று பெயர் சொன்னார். நாற்பது வயது, தறி ஓட்டுகிறவர். புடவை மடிப்பில் பஞ்சுத் தூசி இருந்தது.

“ஏனுங்க கண்ணு, கேள்வி கேக்கலாமுன்னு சொன்னாங்க. எனக்காக அந்த ஐயாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா?”

“சொல்லுங்கக்கா.”

“என்ற ஊட்டுக்காரரு குடிய உடோணும்னு இருபத்தோரு நாள் உபவாசம் இருக்கறனுங்க. இன்னிக்குப் பதினாலு. பகல் பூராவும் பச்சத் தண்ணி, பொழுது சாஞ்சு ஒரு டம்ளர் கஞ்சி. கடைசி ஏழு நாளைக்கு அந்தக் கஞ்சியும் வேண்டாமுன்னு நேர்ந்திருக்கறேன்.”

“உடம்பு தாங்குமாங்க?”

“அதுதானுங்க கேள்வியே. எனக்கு சர்க்கரை இருக்குது. காலையில மாத்திரை போட்டுக்கிறேன். ரெண்டு நாளா தறி முன்னால நின்னா கண்ணைக் கட்டுது. நடுவால உட்டுப்போட்டா பலிக்காமப் போயிருமான்னு கேளுங்க. அந்தப் பிசாசு அப்படித்தான போகும்னு வசனத்துல இருக்குது.”

செய்தி முடிந்து கேள்வி நேரம் வந்ததும் மரகதம் எழுந்து நின்றார். அவர் கேட்டதை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மாத்திரையையும் கண்ணைக் கட்டுவதையும் சேர்த்தே சொன்னேன். அதுவரை நான் என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன்.

பெரியவர் தம் வேதாகமத்தைத் திறந்தார். நிதானமாகப் பதில் சொன்னார். நீங்கள் சொல்கிற வசனம் என் கையில் இருக்கிற வேதாகமத்தில் இல்லை, அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. மிகப் பழைய பிரதிகளில் அது இல்லை என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கிறது என்று நம்புகிற நல்லவர்களும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். மாத்திரை சாப்பிடுகிற யாரும் இப்படிப் பட்டினி இருக்கக் கூடாது. கடவுள் உங்கள் பசியைக் கேட்கவில்லை. இன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

இவ்வளவையும் அவர் நிறுத்தாமல் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

முன்னால் நூறு பெண்கள், எல்லோர் மடியிலும் தமிழ் வேதாகமம். பக்கத்து நாற்காலியில் சபையின் போதகர், என்னையே பார்த்துக்கொண்டு. உங்கள் வசனம் இல்லை என்கிற வார்த்தை என் வாயிலிருந்து என் குரலில்தான் வெளியே வரும். பேசியது அவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இந்தக் கூலிக்காரன் மகள் வேதத்தையே திருத்துகிறாளா என்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

மூன்று நொடிதான். சட்டம் என்னைக் காப்பாற்றியது. போதகர் ஒரு வசனத்தைத் தொட்டால் நாம் தமிழில் இருப்பதை வாசிக்க வேண்டும். மத்தேயு பதினேழைத் திறந்து, இருபத்தொன்றாம் வசனத்தை, உபவாசத்தோடு சேர்த்து, உரக்க வாசித்தேன். கூடம் முழுவதும் ஆமென் சொன்னது. அந்த வசனத்தை வாசித்த பிறகு, போய்ச் சாப்பிடுங்கள் என்பதை எங்கே ஒட்டவைப்பது? “ஜெபத்தை விடாதீர்கள், ஆண்டவர் உங்கள் கண்ணீரைப் பார்க்கிறார்” என்று முடித்துவிட்டேன்.

அவர் பேசியது நீளம், நான் சொன்னது இரண்டே வரி. பெரியவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். மரகதம் கையெடுத்துக் கும்பிட்டார். “சரிங்க, அப்ப உடக் கூடாது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

திரும்பும்போது காரில் பெரியவர் கேட்டார், அந்தப் பெண் சாப்பிடுவாரா என்று. சாப்பிடுவார் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சூலூரில் இறங்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா சோறு போட்டாள். கை தட்டில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். சட்டப்படிதானே செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். மரகதத்துக்கு அந்தக் கஞ்சியையாவது குடிக்கத் தோன்றும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. “என்ன கண்ணு, கூட்டம் நல்லா நடக்கலீங்களா?” என்று அம்மா கேட்டாள். என்னை மரியாதையாகப் பேசுவது அவளுக்கு நான் கல்லூரி போனதிலிருந்து வந்த பழக்கம். அன்று அதைக் கேட்கக் கூசியது.

காலையில் முதல் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். தறிக்கூடத்தை விசாரித்துக் கண்டுபிடித்தபோது, மற்ற தறிகள் ஓட ஒன்று மட்டும் நின்றிருந்தது. “மரகதங்களா? இப்பத்தான் அரைமணி நேரம் இருக்கும், அப்படியே சாஞ்சுபோட்டாளுங்க. நல்ல நேரம், பெல்ட்டு மேல உழுகல. தறிக்கட்டையில மண்டை பட்டுருச்சு. கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கறாங்க” என்றார் பக்கத்துத் தறிக்காரர்.

ஆஸ்பத்திரியில் நெற்றியில் மூன்று தையலோடு படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலையே கஞ்சியையும் நிறுத்தியிருக்கிறார். என் பதிலைக் கேட்டுத் தைரியம் வந்து, ஒரு நாள் முன்பே ஆரம்பித்திருக்கிறார். காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எழுப்பியிருக்க முடியாது என்று நர்ஸ் அவர் முன்னாலேயே திட்டிக்கொண்டிருந்தார்.

அறை வாசலில் இட்லிப் பொட்டலத்தோடு ஒருவர் நின்றிருந்தார். கணவர். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் அன்று காலை குடித்திருக்கவில்லை.

“எனக்கோசரம் பட்டினி கெடந்தாளாமாங்க. நான் கேட்டனா?” என்றார் என்னிடம். “என்ற பேச்சுக்குத் திங்க மாட்டேங்கறா. நீங்க சொல்லிப் பாருங்க.”

மரகதம் அழுதுகொண்டிருந்தார். காயத்துக்கு அழவில்லை. “மயக்கத்துல இருக்கறப்ப குளுக்கோஸ் ஏத்திப்போட்டாங்க கண்ணு. உபவாசம் முறிஞ்சு போச்சு. பதினாலு நாளும் வீணாப் போச்சுங்க.”

நான் பையிலிருந்து புதிய ஆங்கில வேதாகமத்தை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும், தறியில் மீட்டர் படிக்கிறவர். நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார்.

“இருபது. இருபத்திரண்டு.” விரல் மேலே போய் மறுபடி இறங்கியது. “நடுவால இருந்தது எங்கீங்க?”

சொன்னேன். அடிக்குறிப்பைச் சொன்னேன். பெரியவர் மேடையில் சொன்ன பதிலை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு நாள் தாமதமாக, அப்படியே தமிழில் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மன்னிப்பார் என்றும் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“எங்க பொஸ்தகத்துல இருக்குது. நான் அதைத்தான் நம்புவனுங்க. அந்த ஐயா இல்லைன்னு சொன்னாலும் நம்புவேன்” என்றார். பிறகு நிமிர்ந்து, “ஆனா அவரு சொன்னது எனக்குச் சொன்னதுங்க. உங்களுக்குச் சொன்னதில்ல. சாப்படறதா வேண்டாமான்னு நானு யோசிச்சிருப்பேன். எனக்குப் பதிலா நீங்க எதுக்குங்க முடிவு பண்ணுனீங்க?” என்று கேட்டார்.

நான் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன்.

அவர் கணவரைப் பார்த்துக் கையை நீட்டினார். பொட்டலம் வந்தது. ஒரு இட்லியைப் பிட்டுக்கொண்டே, “என்னோட சேர்ந்து இன்னும் நாலு பேரு உபவாசம் இருக்கறாங்க” என்றார். “அதுல ஒருத்தி ஏழு மாசம். அவளுக பூராப் பேரும் நேத்து உங்க பேச்சைத்தான் கேட்டாளுக. நாளைக்கு சபைக்கு வந்து சொல்லிப்போட்டுப் போங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். சபையின் போதகரிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “அம்மணி, ஒரு சபையைக் கலைக்கறதுக்கு ரெண்டு நிமிசம் ரொம்ப அதிகமுங்க” என்றார். நெற்றியில் கட்டோடு மரகதம் உள்ளே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் மைக்கை என்னிடம் தந்தார். அதன் பிறகு அந்தச் சபை என்னை ஒருபோதும் அழைக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சபைகள் இரண்டும் அப்படியே. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வேலையில் உண்மையைச் சொன்னால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களிடம் சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக மேடையில் என் பக்கத்தில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை பெரியவர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன் என்றேன். அவர் உண்மையில் சொன்னதைச் சொன்னேன். புதிய ஆங்கிலத்தில் அந்த எண் இல்லை, பழைய ஆங்கிலத்திலும் நம்முடையதிலும் இருக்கிறது, எது சரி என்று தீர்த்துச் சொல்லுகிற படிப்பு எனக்கில்லை என்றேன். இன்றைக்கும் இல்லை. மூன்று புத்தகத்தையும் விரித்துவைத்துக்கொண்டு இன்றைக்கும் அந்த இடத்தில் நிற்கிறேன்.

சலசலப்பு எழுந்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர், “பொஸ்தகத்தையே மாத்தறாங்களாமா” என்றார். அதற்குள் கடைசி வரிசையில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருபது வயதுகூட இருக்காது. வயிறு நன்றாகத் தெரிந்தது.

“அப்ப நானு சாப்பிடலாமுங்களா?”

சபையின் போதகர் என்னைப் பார்த்தார்.

“சாப்பிடுங்க” என்றேன்.

“அந்த ஐயா சொன்னதுங்களா, நீங்க சொல்றதுங்களா?”

“அவரும் சொன்னாருங்க. இப்ப நானும் சொல்றேன்.”

அவள் ஆராதனை முடியும்வரை காத்திருக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். சன்னல் வழியாக, அவள் ரோட்டைக் கடந்து எதிரே இருந்த பேக்கரிக்குள் நுழைவது தெரிந்தது. அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள்.

மரகதம் திரும்பிப் பார்த்த இடத்தில் நான்காவது பெண் எழவில்லை. வேதாகமத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இப்போது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள்.